உறைந்த ஏரியில் இரவு மீன்பிடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கே பெரிய ஏரிகள் உறைந்து கிடக்கும் மாதங்களில் பகலில் நாலைந்து தடவை போய்ப் பழகியவர்கள் அடுத்து கேட்பது இரவைப் பற்றித்தான். பல குளிர்காலங்களாக இருட்டிய பிறகு பனிமேல் உட்கார்ந்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களிலும் ஒரு விஷயம் மறுபடி மறுபடி வரும்: இரவில் செய்ய வேண்டிய வேலைகளில் பாதியைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பகலிலேயே மீன் கிடைக்கிறதே, இருட்டில் ஏன் போக வேண்டும்?

மீனின் கண்தான் காரணம். வட அமெரிக்க ஏரிகளில் பலரும் தேடிப் போகும் வால்ஐ மீனின் விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பூனையின் கண் இருட்டில் மின்னுவதும் இதே போன்ற படலத்தால்தான். ஒரு தடவை உள்ளே போன வெளிச்சம் இரண்டாம் தடவையும் விழித்திரையைத் தொடுவதால், நமக்குக் கும்மிருட்டாகத் தெரியும் தண்ணீரில் வால்ஐ இரை தேட முடிகிறது. அது விரும்பித் தின்னும் மஞ்சள் பெர்ச் மீனுக்கு அந்த வசதி கிடையாது. பெர்ச் பகல் மீன். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைந்து அடித்தரையில் போய் அடங்கிவிடும். பெர்ச்சுக்குப் பார்வை மங்கி, வால்ஐக்கு மங்காத அந்த இடைவேளையில்தான் வேட்டை நடக்கிறது. சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பிருந்து இருட்டி ஒரு மணி நேரம் வரை தூண்டில் இழுபடுவதெல்லாம் இதனால்தான்.

ஆனால் எல்லா ஏரியிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும் ஏரியில் பகலிலேயே போதிய இருட்டு இருக்கும். வின்னிபெக் ஏரியின் தென்பகுதி அப்படி. அங்கே பட்டப்பகலில் வால்ஐ பிடிப்பார்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தூரம் மீன் இரவை நோக்கித் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளலாம். புது ஏரிக்குப் போகும்போது நான் முதலில் விசாரிப்பது தண்ணீரின் தெளிவைத்தான்.

இரவில் வேறு என்ன மீன் கிடைக்கும்?

பர்பட். எனக்கு மனதுக்கு மிகவும் பிடித்த மீன் இது. விலாங்கு போல நீண்ட வழுவழுப்பான உடல், தாடைக்குக் கீழே ஒற்றை மீசை. கடலில் வாழும் காட் மீனுக்கு நெருங்கிய சொந்தம். அந்த வரிசையில் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கும் ஒரே இனம் இதுதான். மற்ற மீன்கள் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் காத்திருக்க, பர்பட் மட்டும் நடுக்குளிரில், பனிக்கு அடியில், ராத்திரியில் முட்டையிடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஆணும் பெண்ணுமாகப் பல மீன்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்துபோல உருளும். பெரிய பெண் மீன் ஒன்றின் வயிற்றில் பத்து லட்சம் முட்டைக்கு மேலும் இருக்கலாம். அந்த நாட்களில் சரளைக்கல் மேடுகளுக்குப் பக்கத்தில் தரையைத் தட்டித் தட்டி தூண்டிலை ஆட்டினால் வந்துவிடும். வெட்டிய மீன்துண்டை முள்ளில் கோர்த்தால் போதும், வாசனை பிடித்து வரும்.

அழகில்லாத மீன் என்று பனிமேலேயே தூக்கி எறிந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும். வெள்ளை வெளேரென்று, முள் குறைவான, உறுதியான சதை. சாப்பிட விருப்பமில்லை என்றால் உயிரோடு இருக்கும்போதே, தூண்டில் இறக்கப் பனியில் துளைத்த குழியில் விட்டுவிடுங்கள்.

கிராப்பி மீனும் இரவில் தின்னும். பகலெல்லாம் அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும் கண்ணாடி போன்ற கொசுவினப் புழுக்கள் இருட்டியதும் மேலே எழும்பும். கிராப்பி அவற்றின் பின்னாலேயே ஏறும். அதனால் தரையில் தேடாமல் நடுத்தண்ணீரில் தேட வேண்டும். சில ஏரிகளில் ஸ்மெல்ட் என்ற சிறு மீன் விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். லேக் டிரவுட், ஒயிட்ஃபிஷ் இரண்டும் பெரும்பாலும் பகல் மீன்கள். அவற்றுக்காக இரவில் காத்திருப்பது வீண்.

பனி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

புதிதாக உறைந்த, கண்ணாடி போலத் தெளிந்த பனி என்றால் ஒரு ஆள் நடக்க 10 சென்டிமீட்டர். பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 13 முதல் 18 வரை. சிறிய காருக்கு 25. பெரிய பிக்கப் வண்டிக்கு 33-க்குக் குறையக் கூடாது. பால்போல வெளுத்த பனியாக இருந்தால் இந்த எண்களை இரட்டிப்பாக்குங்கள். பனிமழையில் நனைந்து கூழாகி மறுபடி உறைந்தது அது. உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்திருக்கும். தெளிந்த பனியின் பாதி வலுதான் உண்டு.

இந்த எண்கள் நீங்கள் துளைபோட்ட அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான் செல்லும். ஆறு வந்து சேரும் முகத்துவாரம், இரு தீவுகளுக்கு நடுவிலான குறுகல், ஊற்றுக்கண், நாணல் புதர், பாலத்தூண் பக்கம் எல்லாம் பனி மெலிந்திருக்கும். இருநூறு அடி தள்ளி அரை மீட்டர் இருந்தது என்பது அங்கே உதவாது.

பகலில் இவற்றையெல்லாம் நிறத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். இரவில் நிறமே கிடையாது. அதனால் நான் பின்பற்றும் விதி இது: இன்றைய பகலில் கடப்பாரையால் குத்திப் பார்த்து நடந்த தடத்தைத் தவிர வேறெதிலும் இரவில் கால் வைப்பதில்லை. தடம் நெடுக ஒளியைத் திருப்பிக்காட்டும் பட்டை ஒட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டு போவேன். திரும்பும்போது தலைவிளக்கை அடித்தால் வரிசையாக மின்னும். மீன் கடிக்கவில்லை, அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போமா என்ற எண்ணம் ராத்திரி பத்து மணிக்கு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இரவில் ஏரி உறுமுகிறது, விசில் அடிக்கிறது. பனி உடைகிறதா?

முதல் தடவை கேட்டபோது நானும் எழுந்து நின்றுவிட்டேன். வெயில் இறங்கி வெப்பநிலை சரசரவென்று குறையும்போது மேற்பரப்புப் பனி சுருங்குகிறது. சுருக்கம் தாங்காமல் எங்கோ ஒரு விரிசல் ஓடுகிறது. அந்த அதிர்வு பனித்தளம் முழுக்கப் பரவும். பனித்தகட்டில் உயர்ந்த சுருதி அலைகள் வேகமாகவும் தாழ்ந்த சுருதி அலைகள் மெதுவாகவும் செல்வதால், தூரத்து விரிசலின் சத்தம் கிறீச்சென்று தொடங்கி மத்தளம்போல் தாழ்ந்து முடிகிறது. உங்கள் காலடியில் ஓடும் விரிசல் 'டம்' என்று ஒரே அடியாகக் கேட்கும்.

தடித்த பனியில் இது குளிர் கூடுகிறது என்பதற்கான சத்தம். பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு: குழியில் தண்ணீர் தானாக மேலேறி வழிவது, சாயங்காலம் இல்லாத ஈரம் பனிமேல் பரவுவது, விரிசலின் இரு கரையும் விலகிக் கருந்தண்ணீர் தெரிவது. சத்தம் இல்லாமல் நடக்கும் இந்த மூன்றில் எது தெரிந்தாலும் சாமானைக் கட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புங்கள்.

சிறிய ஏரிக்கும் பெரிய ஏரிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

காற்று. சிறிய ஏரியில் பனி நான்கு கரையையும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். பெரிய ஏரியில் பனித்தளம் பல கிலோமீட்டர் அகலமான பாய் மாதிரி. காற்று அதைத் தள்ளும். தள்ளிய இடத்தில் பாளங்கள் முட்டி மேலெழும்பி மதில்போல நிற்கும். இழுத்த இடத்தில் வாய் பிளந்து தண்ணீர் தெரியும். கரையிலிருந்து ஏரியை நோக்கி அடிக்கும் காற்றுதான் ஆபத்தானது, ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பாளத்தையே அது பெயர்த்துக்கொண்டு போகும்.

2009 பிப்ரவரி 7 அன்று ஒஹாயோ மாநிலக் கரையோரம் ஈரி ஏரியில் இதுதான் நடந்தது. விரிசல் மேல் மரப்பலகை போட்டுப் பாலம் அமைத்து அப்பால் போய்ப் பலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெப்பம் கூடி, கரையிலிருந்து காற்று பலமாக அடித்ததும் அந்தப் பாளம் தனியே பிரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரும் காற்றுப் படகும் கொண்டு மீட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். இது பகலில் நடந்தது. இருட்டில், பாளம் மெதுவாக நகர்வதே தெரியாது. கூடாரத்துக்குள் ஹீட்டர் சூட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு விரிசல் அகலமாகிவிட்டது என்பது திரும்பிப் போகும்போதுதான் தெரியவரும்.

ஆகவே விரிசலைத் தாண்டிப் போக நேர்ந்தால் அது பகலோடு முடியட்டும். இரவு முழுக்க அடிக்கப்போகும் காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விளக்கு போட்டால் மீன் வருமா, ஓடுமா?

இரண்டும் நடக்கும். தண்ணீருக்குள் இறக்கும் பச்சை விளக்கு நுண்ணுயிர்களை இழுக்கும், அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும், கிராப்பியும் ஸ்மெல்ட்டும் பின்தொடரும். முக்கால் மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். உடனே எதுவும் நடக்காது. சில இடங்களில் விளக்கு வைத்து மீனை ஈர்ப்பதற்குத் தடை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்ஐக்கு, அதிலும் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில், நான் கூடாரத்தை இருட்டாகவே வைத்திருப்பேன். குழிக்கு நேரே தலைவிளக்கைத் திருப்பவே மாட்டேன். முள் மாற்ற வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு போதும், நம் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை இழக்காது. ஒளிரும் ஜிக்கை, அதாவது ஆட்டி மீனை ஈர்க்கும் கனத்தலை முள்ளை, புற ஊதா டார்ச்சில் சில நொடி காட்டி இறக்கினால் சில நிமிடங்களுக்குப் பளிச்சென்றும் பிறகு மங்கலாகவும் ஒளிரும். என் அனுபவத்தில் மீன் கடிப்பது அது மங்கிய பிறகுதான் அதிகம். அதனால் அடிக்கடி மேலே இழுத்து ஒளியேற்றுவதை நிறுத்திவிட்டேன்.

தூண்டிலில் இரவுக்கென்று ஏதாவது மாற்ற வேண்டுமா?

கண்ணின் வேலையைக் கைக்கும் காதுக்கும் கொடுக்க வேண்டும். குழிமேல் வைத்து, மீன் கடித்தால் கொடி நிமிரும் டிப்-அப் கருவி வைத்தால் இருட்டில் கொடி தெரியாது. அதில் சின்ன விளக்கோ மணியோ கட்டுங்கள். பனிமேல் நிறுத்தும் பெரிய குடில்களில் சுவரில் மாட்டும் சலங்கை ரீல் உண்டு. மீன் தூண்டில் நரம்பை இழுக்க, உருளை சுழன்று உள்ளே இருக்கும் மணிகள் கலகலக்கும். அரைத் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டுக் குழிக்குப் பாய்வதில் இருக்கும் சந்தோஷத்தை வேறெதிலும் நான் அறிந்ததில்லை.

பின்னல் நரம்பு தண்ணீரை உறிஞ்சி வெளியே விறைத்துவிடும். திறந்த வெளியில் உட்காருவதாக இருந்தால் ஒற்றை இழை நரம்பு நல்லது. தண்டின் நுனி வளையத்தில் பனி அடைத்துக்கொள்ளும். விரலால் நசுக்கி எடுங்கள், தட்டினால் நுனி முறியும். முடிச்சுகளை வீட்டிலேயே போட்டு நாலைந்து நரம்புகளைச் சுற்றித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிகிரியில் கையுறையைக் கழற்றி இருட்டில் முடிச்சு போட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலியலையால் மீனைத் திரையில் காட்டும் சோனார் இருந்தால் இரவில்தான் அதன் முழு அருமை தெரியும். இரைக்குக் கீழே ஒரு கோடு மெல்ல எழுந்து வருவது திரையில் தெரியும்போது ஆட்டுவதை நிறுத்தி, கொஞ்சம் மேலே தூக்குங்கள். துரத்தி வந்து கவ்வும்.

கூடாரத்துக்குள் ஹீட்டர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் இந்தப் பதிலை இரண்டு தடவை படியுங்கள்.

காஸ் ஹீட்டர் கூடாரத்தின் ஆக்சிஜனைத் தின்னும். ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் முழுமையாகாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தலைவலி, லேசான குமட்டல், தூக்கம். இரவில் இந்த மூன்றையும் யாரும் சந்தேகிப்பதில்லை, களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு என்று எப்போதும் இரண்டு வழி காற்றுக்கு இருக்கட்டும். பனி பெய்து கீழ்த்திறப்பை மூடிவிடும், அவ்வப்போது தள்ளிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கூடாரத்தில் மாட்டுங்கள். அது இல்லாமல் கூடாரத்தில் தூங்கக் கூடாது. ஹீட்டரில் தானே அணையும் வசதி இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

என்ன உடுத்துவது?

பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் தடித்த அடுக்கு, வெளியே காற்றுப் புகாத மேலுடை. மிதக்கும் வகைச் சூட் வாங்க முடிந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

குளிரை விட வியர்வைதான் எதிரி. சறுக்கு வண்டியை ஒரு கிலோமீட்டர் இழுத்து, துளைபோட்டு முடிக்கும்போது உள்ளாடை நனைந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவீர்கள். நடக்கும்போது மேலுடையைக் கழற்றி வண்டியில் போடுங்கள். மாற்றுக் காலுறையும் கையுறையும் கட்டாயம். பனிப்போர்வையின் கனத்தால் பனித்தளம் அழுந்தி, விரிசல் வழியே தண்ணீர் ஏறி, பனித்தளத்துக்கு மேலே பனிப்போர்வைக்கு அடியில் கூழாக நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. ஓர் இரவு அதில் கணுக்கால் வரை இறங்கி, ஈரக் காலோடு திரும்பி நடந்த அந்த நாற்பது நிமிடம் இன்னும் என் விரல்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

தண்ணீரில் விழுந்துவிட்டால்?

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடல் என்னவாகிறது என்பதைத் தன் உடம்பையே தண்ணீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இரைக்கும். அதை அடக்குவது மட்டுமே அப்போதைய வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். உடனே செத்துவிடுவோம் என்ற பீதிதான் அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்குகிறது.

வந்த திசைக்கே திரும்புங்கள். உங்களை அதுவரை தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் தொங்கவிட்டிருக்கும், கைப்பிடியுள்ள ஆணி போன்ற பனிக்கூர்முனை இரண்டையும் விளிம்பில் குத்தி, நீந்துவதுபோலக் காலை உதைத்து, உடலைப் படுக்கைவசமாக்கி மேலே இழுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள். கூர்முனைகள் பைக்குள் இருந்தால் பயனில்லை. கூட வந்தவர் ஓடிவரக் கூடாது. தூரத்தில் படுத்துக் கயிறு எறிய வேண்டும். தனியாகப் போகலாமா என்பதற்கும் இதுவே பதில். இரவில் தனியாகப் போகாதீர்கள்.

திரும்பும்போது வழி தவறினால்?

பனிப்புயலில் கரை விளக்கு மறைந்துவிடும். போகும்போதே ஜி.பி.எஸ்ஸில் புறப்பட்ட இடத்தைப் பதிந்து, ஒரு காந்த திசைகாட்டியும் கையில் வைத்திருங்கள். குளிரில் போன் பேட்டரி திடீரென்று விழும். உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். எதுவும் தெரியாத நிலை வந்தால் நடக்காதீர்கள். கூடாரத்துக்குள்ளேயே இருப்பது மேல். எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தால் தேடி வருவார்கள்.

வண்டியை ஏரிமேல் ஓட்டிப் போகலாமா?

இரவில் வேண்டாம் என்பேன். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக, சீட் பெல்ட் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு. வண்டியின் எடை பனிக்கு அடியில் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டே போகும். வேகமாகப் போய்க் கரையை நெருங்கினால் அந்த அலை மோதித் திரும்பிப் பனியை உடைக்கும்.

ஒரு வாய் மது குடித்தால் சூடாகுமே?

சூடானதுபோல் தோன்றும். தோலுக்கு ரத்தம் பாய்வதால் வரும் தோற்றம் அது, உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். ஃபிளாஸ்க்கில் சூடான இனிப்புப் பானம் கொண்டுபோங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இடத்துக்கு இடம் மாறும். மினசோட்டாவிலும் ஒன்டாரியோவிலும் பனிக்குழியில் ஒருவருக்கு இரண்டு தூண்டில், விஸ்கான்சினில் மூன்று. இரவு முழுக்க விட்டுவைக்கும் குடிலின் பக்கங்களில் ஒளி திருப்பும் பட்டை ஒட்ட வேண்டும் என்பது மினசோட்டா விதி. விதி இல்லாத ஊரிலும் ஒட்டுங்கள், இருட்டில் ஸ்னோமொபைல்கள் வேகமாக வரும். குடிலை அகற்ற வேண்டிய கடைசித் தேதி, மீனின் அளவு, எண்ணிக்கை எல்லாவற்றையும் அந்தந்த ஏரிக்கான அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

வேண்டாத மீனை எப்படி விடுவது?

பனிமேல் போடாதீர்கள். கடுங்குளிரில் செவுளும் கண்ணும் நொடிகளில் உறைந்து புண்ணாகும். முடிந்தால் குழித் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். பத்து மீட்டருக்குக் கீழே இருந்து இழுக்கும் வால்ஐ, பெர்ச், பர்பட் ஆகியவற்றின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து ஊதிவிடும். விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அந்த ஆழத்தில் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். விளையாட்டுக்காகத் தொடர்ந்து பிடித்து விடுவது மீனைக் கொல்வதுதான்.

கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

நரம்புத் துண்டு, இரை டப்பா, காஸ் உருளை எதையும் விடாதீர்கள். பனி உருகினால் எல்லாம் தண்ணீருக்குள் போகும். குழி ஒரு மணி நேரத்தில் மெல்லிய ஏடு கட்டிவிடும், அதன்மேல் பனித்தூள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. துளைத்தபோது வந்த பனிக்கட்டிகளை அதில் தள்ளி நிரப்பி, ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். விடிகாலை இருட்டில் அந்த வழியாக நடந்து வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.